தறி கை மரத்துப்போனா?

எங்க ஆரணியில பட்டுத்தறி ஓட்டுறவங்களுக்கு விரல் நுனிதான் சொத்து. பாவு இழை அறுந்தா கண்ணு பாக்குறதுக்கு முன்னாடியே விரல் கண்டுபிடிக்கும். அதனாலதான் கையில ஆபரேஷன், தோள்பட்டைகிட்ட ஊசி போட்டு மரக்கடிப்போம்னு சொன்னதும் என் மாமா கேட்ட ஒரே கேள்வி: "உணர்ச்சி திரும்பி வருமா டாக்டர்?"

நியாயமான கேள்வி. 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர், கோகெய்ன் சொட்டு விட்டா கண் மரத்துப்போகும்னு காட்டினார். கொஞ்ச நாள்லயே நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் அதை நரம்புக்குப் பக்கத்துல ஊசியா போட்டார். நரம்பு மரத்தா, அது போய்ச் சேருற இடமெல்லாம் மரத்துடும். ஆனா தன்மேலயே சோதிச்சுப் பாத்த அந்த மனுஷன் கோகெய்னுக்கு அடிமையாயிட்டார். முதல் பக்கவிளைவு டாக்டருக்கே!

1911-ல் ஜெர்மனியில் குலன்காம்ப், காறை எலும்புக்கு மேல தனக்குத்தானே ஊசி போட்டுப் பாத்தார். முழுக் கையும் மரத்தது. சிக்கல் என்னன்னா, அந்த இடத்துக்குக் கீழயே நுரையீரல். ஊசி கொஞ்சம் ஆழமா போனா நுரையீரல்ல ஓட்டை விழுந்து, வெளியேறுற காத்து அதையே சுருக்கிடும்.

மருந்துலயும் ஆபத்து இருந்துச்சு. ரொம்ப நேரம் வேலை செய்யுற புபிவகைன், தப்பி ரத்தக்குழாய்க்குள்ள போனா இதயத்தையே நிறுத்தலாம்னு 1979-ல் எச்சரிக்கை வந்தது. 1998-ல் கை கொடுத்தது, சாப்பிட முடியாதவங்களுக்கு ரத்தக்குழாய் வழியா ஏத்துற கொழுப்புத் திரவம்! எலிகள்ல சோதிச்சு வெய்ன்பெர்க் காட்டினார். இன்னைக்கு ஆபரேஷன் தியேட்டர்ல அதைத் தயாரா வைக்கிறாங்க.

1994-ல் மறுபடி வியன்னா: ஸ்கேன்ல பாத்துக்கிட்டே காறை எலும்புக்கு மேல ஊசி போடுற முறை.

ஆரணியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்ல வேலூர் சி.எம்.சி. அங்கே பால் பிராண்ட், தொழுநோயாளிகளோட விரல்கள் ஏன் அழியுதுன்னு ஆராய்ஞ்சார். வலி தெரியாததால, சுட்டாலும் வெட்டினாலும் அவங்களுக்குத் தெரியல. பிளாக் போட்ட கையும் பல மணி நேரம் அப்படித்தான். அந்தக் கையில மாமா சூடான டீ டம்ளரை எடுக்கப் போனார்; அத்தை ஒரு அதட்டல் போட்டாங்க.

மறுநாள் காலையில உணர்ச்சி வந்துடுச்சு. சிலருக்கு மதமதப்பு சில வாரம் இருக்கும்; நிரந்தரச் சேதம் அபூர்வம். ஒண்ணு மட்டும்: குலன்காம்ப் காலத்துல விரல்ல சுரீர்னு அடிச்சா ஊசி சரியான இடத்துல இருக்குன்னு அர்த்தம். இப்போ அப்படி அடிச்சா மருந்தை நிறுத்தணும். வாயத் திறந்து சொல்லிடுங்க.