பெயர்ப் பதிவேடு

பெயர் இன்றி உலக வழக்கு நடவாது. கணினிகளோ எண்களைக் கொண்டே ஒன்றையொன்று அறிகின்றன. மனிதர் நினைவில் நிற்பன பெயர்களே. இவ்விரண்டையும் இணைக்கும் பதிவேடு ஒன்று வேண்டும். அதனை யார் வைத்திருப்பது? பிழை நேர்ந்தால் யார் திருத்துவது? இக்கேள்விகளுக்கு இணையம் விடை கண்ட வரலாற்றையே இன்று மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெட் 1969-இல் அமெரிக்காவில் தொடங்கிற்று. அதில் சேர்ந்த கணினிகளின் பெயர்களும் எண்களும் 1970களில் ஒரே கோப்பில் பதியப்பட்டன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க் நகரில், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தின் தகவல் மையம் அக்கோப்பைப் பேணியது. அம்மையத்தின் தலைவி எலிசபெத் ஃபெயின்லர் என்னும் அம்மையார். புதிய கணினியைச் சேர்ப்போர் மையத்துக்குத் தெரிவிப்பர். மையம் பெயரைப் பதியும். ஏனையோர் கோப்பைப் படியெடுத்துக்கொள்வர்.

கணினிகள் சிலவாக இருந்தவரை இம்முறை செவ்வனே நடந்தது. அவை நூற்றுக்கணக்கில் பெருகியபோது தொல்லைகள் தோன்றின. படியெடுப்போர் நெருக்கத்தால் மையத்தின் கணினிக்குச் சுமை மிகுந்தது. ஒரே பெயரைப் பலரும் விரும்பினர். ஓரிடத்தில் புதிய படியும் வேறிடத்தில் பழைய படியும் இருந்தமையால், ஒரே பெயருக்கு இரண்டு விடைகள் கிடைத்தன.

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்தில் பணியாற்றிய பால் மொக்கபெட்ரிஸ், ஜான் போஸ்டல் கேட்டுக்கொண்டதன்பேரில் இதனை ஆராய்ந்தார். அவர் கண்ட தீர்வு 1983 நவம்பரில் வெளியாயிற்று. ஒரே ஏட்டை விரைந்து எழுதும் வழியை அவர் தேடவில்லை. ஏட்டையே பலருக்குப் பகிர்ந்தளித்துவிட்டார். டி.என்.எஸ். என்று இன்று வழங்கும் முறை இதுவே.

நம் தபால் முகவரியை எண்ணிப் பாருங்கள். கடிதத்தைப் பிரிப்பவர் முதலில் மாவட்டத்தைப் பார்க்கிறார். பிறகு ஊர், தெரு, வீடு. கணினிப் பெயரும் அவ்வாறே கடைசியிலிருந்து படிக்கப்படுகிறது. இந்தியக் கல்லூரிகள் பலவற்றின் பெயர் ‘.ஏசி.இன்’ என்று முடியும். வேர் வழங்கிக்கு அக்கல்லூரியைத் தெரியாது, ‘.இன்’ ஏட்டைப் பேணுவோர் யார் என்று மட்டும் தெரியும். அவர்கள் அடுத்தவரைக் காட்டுவர். இறுதி விடையைக் கல்லூரியின் பெயர் வழங்கியே தரும். ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ எனத் தமிழ் எழுத்திலமைந்த கிளைகளும் இன்று இம்மரத்தில் உள்ளன.

ஆனால் ஏட்டைப் பகிர்ந்தபோது பொறுப்பும் பகிரப்பட்டது. ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது இரண்டு வழங்கிகள் தாங்க வேண்டும் என்பது விதி. முதல் வழங்கியில் திருத்தம் செய்பவர் ஏட்டின் வரிசை எண்ணையும் உயர்த்த வேண்டும். உயர்த்த மறந்தால், மாற்றம் எதுவும் இல்லை என்று கருதித் துணை வழங்கி பழைய விடையையே சொல்லிக்கொண்டிருக்கும். முழுப் பெயரின் இறுதியில் ஒரு புள்ளி விடுபட்டாலோ, அப்பகுதியின் பெயர் மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். இத்தகைய பிழைகளைத் தொகுத்து எச்சரிக்கும் ஆவணமொன்று 1996-இல் வெளியாயிற்று. விடை மாறுபடும்போது வழங்கிகளைத் தனித்தனியே வினவி, வரிசை எண்களை ஒப்பிடுவது இன்றும் நல்ல சோதனை.

சிறு கவனக்குறைவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 1997 ஜூலை 17 காட்டியது. அன்று ‘.காம்’, ‘.நெட்’ ஏடுகளைப் பேணிய நிறுவனத்தில் பட்டியல் பழுதுற்றது. சோதனைப் பொறி எச்சரித்தது. ஆயினும் பணியிலிருந்தவர் அதனைச் சரிபாராமல் வெளியிட்டுவிட்டார். எண்ணற்ற தளங்களின் கணினிகள் பழுதின்றி இயங்கிக்கொண்டிருந்தன; பெயர் சொல்லித் தேடியவர்களுக்கோ அவை அகப்படவில்லை. ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் திருத்திய பட்டியல் வெளிவந்தது. பெற்ற விடையைச் சிறிது காலம் நினைவில் வைத்திருப்பது வழங்கிகளின் இயல்பு. ஆதலால் திருத்தம் வந்த பின்னும் தவறான விடை சில இடங்களில் நீடித்தது.

ஒரு மையத்தின் சுமையைப் பலர் தோளுக்கு மாற்றியதாலேயே இணையம் உலகளாவி வளர முடிந்தது. தம் பகுதியைத் தாமே எழுதும் உரிமை இன்று ஒவ்வொரு கல்லூரிக்கும் உண்டு. அவ்வேட்டில் கை வைக்கும் வாய்ப்பு உங்களுள் சிலருக்கு நாளை வரலாம். அப்போது வரிசை எண்ணை உயர்த்துங்கள், புள்ளியைப் பாருங்கள், எச்சரிக்கை எழுந்தால் அதனைப் படித்த பிறகே மேலே செல்லுங்கள்.