பற்றாசுக்கோல் சரியாகச் சூடாகிறதா?

மகாவலி நீர் பொல்கொல்லையிலிருந்து சுரங்கம் வழியாக வந்து, 1976 முதல் உக்குவளையில் மின்சாரமாகிறது. மின்நிலையம் அருகில் இருந்தாலும், வீட்டுக்கு வரும் வோல்ட் குறைந்தால் பற்றாசுக்கோல் (சோல்டரிங் அயன்) போதிய அளவு சூடாகாது. 230 வோல்ட் 200 ஆக இறங்கினால், வெப்பக்கட்டுப்பாடு இல்லாத 60 வாட் கோல் ஏறக்குறைய 45 வாட்டாகிவிடும்.

ஐந்து நிமிடம் சூடாக்கி, நுனியை ஈரப் பஞ்சில் துடைத்து, ஈயக்கம்பியை வையுங்கள். 60/40 கம்பி 190 பாகை செல்சியசிலேயே உருகும். ஆனால் வேலைக்கு நுனியில் 300 முதல் 350 பாகை வேண்டும். ஓரிரு செக்கனில் உருகிப் பளபளப்பாகப் படிந்தால் நல்லது. கூழாகக் குழைந்தால் சூடு போதாது. கம்பியிலுள்ள பிசின் உடனே கருகினால் சூடு அதிகம்.

உருகாவிட்டால் முதலில் நுனியின் கறுப்பைப் போக்குங்கள். பிறகு மல்ரிமீற்றரால் வோல்ட்டைப் பாருங்கள். சூடு குறைந்து பிடித்த ஒட்டு விட்டுப்போகும். திருத்திய வானொலி திரும்பி வந்தால், அன்றைய உழைப்பு வீண்.