நியூஸிலாந்து ரக்பி லீக் அணியின் முதற் பயணம்

விளையாட்டைப் பொழுதுபோக்கு என்கிறோம். பொழுதைப் போக்குவதற்கும் கையில் பொருள் வேண்டும் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். அன்றாடக் கூலியால் குடும்பத்தைக் காப்பவன் ஒரு நாள் வேலையை விட்டு ஆடச் சென்றால், அன்று அவன் வீட்டில் அடுப்பெரிவதற்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விதான் ரக்பி என்னும் பந்தாட்டத்தை இரண்டாகப் பிளந்தது. அதற்கு விடை தேடி 1907ஆம் ஆண்டில் கடல் கடந்து சென்ற ஓர் அணியின் வரலாற்றை இங்கே காண்போம்.

ரக்பி ஆட்டம் இங்கிலாந்தின் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற பள்ளிகளில் வளர்ந்தது. பின்னர் அது வட பகுதிக்குப் பரவியது. யார்க்ஷயரிலும் லங்காஷயரிலும் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டால் அவர்கள் கூலியை இழக்க நேர்ந்தது. அந்த இழப்பையேனும் ஈடுசெய்ய வேண்டும் என்று யார்க்ஷயர் சங்கத்தார் 1893இல் கேட்டனர். பணம் புகுந்தால் ஆட்டத்தின் தூய்மை கெடும் என்று ரக்பிச் சங்கம் மறுத்துவிட்டது. ஆகவே 1895 ஆகஸ்டு 29ஆம் நாள் வடபுலக் கழகங்கள் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரில் உள்ள ஜார்ஜ் ஓட்டலில் கூடி, ‘நார்தர்ன் யூனியன்’ என்னும் தனிச் சங்கத்தைத் தோற்றுவித்தன. நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை இழப்பீடு தரலாம் என்பது அதன் விதி. நாளடைவில் ஆட்ட விதிகளும் மாறின. 1906இல் அணிக்குப் பதினைந்து பேர் என்பது பதின்மூன்றாகக் குறைந்தது. இன்று ரக்பி லீக் என்று வழங்கும் ஆட்டம் இதுவே.

தெற்கே, உலகின் மறுகோடியில், நியூஸிலாந்து மக்களும் ரக்பியை உயிரென மதித்தனர். 1905இல் பிரிட்டன் சென்ற அவர்களது ‘ஆல் பிளாக்ஸ்’ அணி பெரும் புகழுடன் திரும்பியது. அப்பயணத்தால் அந்நாட்டு ரக்பிச் சங்கத்துக்கு ஆயிரக்கணக்கான பவுன் ஆதாயம் கிடைத்தது. மாதக்கணக்கில் வீட்டையும் வேலையையும் விட்டிருந்த வீரர்கள் பெற்றதோ, நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங் செலவுப் பணம்.

வெல்லிங்டன் நகர அஞ்சல் அலுவலகத்தில் எழுத்தராயிருந்த ஆல்பர்ட் பாஸ்கர்வில் என்னும் இளைஞர் இந்த நிலையைக் கண்டார். ரக்பி ஆட்டத்தைப் பற்றி ஒரு நூலே எழுதியவர் அவர். ஓர் அணியை அழைத்து வருவதாக நார்தர்ன் யூனியனுக்குக் கடிதம் எழுதி, இசைவும் பெற்றார். அந்த அணிக்கு அரசின் உதவியில்லை; செல்வந்தரின் ஆதரவும் இல்லை. வீரர் ஒவ்வொருவரும் தம் பங்காக ஐம்பது பவுன் முதலீடு செய்தனர். இலாபமோ நட்டமோ அனைவருக்கும் பொது என்பது ஏற்பாடு. 1905ஆம் ஆண்டு அணியில் ஆடிய நால்வர் இதில் சேர்ந்தனர். ஜார்ஜ் ஸ்மித் அவர்களுள் ஒருவர். சேர்ந்தவர்களுக்கு நியூஸிலாந்து ரக்பிச் சங்கம் வாழ்நாள் தடை விதித்தது. பத்திரிகைகளோ, ‘ஆல் பிளாக்ஸ்’ என்ற பெயரைத் திரித்து, பொன்னாசை கொண்டோர் எனப் பொருள்பட, ‘ஆல் கோல்ட்ஸ்’ என்று எள்ளி நகையாடின.

1907 ஆகஸ்டில் அவர்கள் சிட்னியில் மூன்று பந்தயங்கள் ஆடினர். அங்கிருந்த டாலி மெஸஞ்சர் என்னும் தலைசிறந்த வீரரையும் உடன் அழைத்துக்கொண்டனர். வழியில் கொழும்பில் இறங்கி, இலங்கை அணியுடனும் ஒரு பந்தயம் ஆடிச் சென்றனர். இதுவரை அவர்கள் ஆடியதெல்லாம் பழைய விதிப்படியான ரக்பியே. எந்த ஆட்டத்துக்காகக் கடல் கடந்தனரோ, அந்த ஆட்டத்தை அவர்கள் ஆடியதேயில்லை! அக்டோபர் தொடக்கத்தில் லீட்ஸ் நகரை அடைந்த பின்னரே புதிய விதிகளைக் கற்றனர். ஒரு வாரப் பயிற்சியுடன் களமிறங்கி, அக்டோபர் 9ஆம் நாள் பிராம்லி அணியை 25-6 என்ற கணக்கில் வென்றனர்.

வெற்றி தொடர்ந்து கிட்டவில்லை. 1908 புத்தாண்டு நாளில் ஆபர்டேர் நகரில் வேல்ஸ் அணியிடம் 8-9 என ஒரே புள்ளியில் தோற்றனர். ரக்பி லீக் வரலாற்றில் இரு நாடுகள் மோதிய முதற் பந்தயம் இதுவே. பின்னர் விகன் நகரில் இங்கிலாந்திடமும் தோற்றனர். நார்தர்ன் யூனியனுடன் நடந்த மூன்று டெஸ்டுகளில் முதலாவதும் கைநழுவியது. ஆயினும் அவர்கள் தளரவில்லை. லண்டனில் இரண்டாவதை 18-6 என்றும், செல்டன்ஹாமில் மூன்றாவதை 8-5 என்றும் வென்று, தொடரைக் கைப்பற்றினர். போட்ட முதலும் இலாபத்துடன் திரும்பியது.

வேலை தேடி ஊர் கடந்தவர்க்கெல்லாம் தெரிந்த ஒன்று உண்டு. சென்றவர் அனைவரும் திரும்புவதில்லை. ஸ்மித் ஓல்டம் கழகத்தில் சேர்ந்து இங்கிலாந்திலேயே தங்கினார். லான்ஸ் டாட் என்பவர் விகன் கழகத்தில் சேர்ந்து புகழ்பெற்றார். சேலஞ்ச் கோப்பை இறுதிப் பந்தயத்தின் சிறந்த வீரருக்கு 1946 முதல் அவர் பெயரால் பரிசு வழங்கப்படுகிறது. பாஸ்கர்வில் திரும்பினார், எனினும் வீடு சேரவில்லை. திரும்பும் வழியில் ஆஸ்திரேலியாவில் அணி ஆடிக்கொண்டிருக்கையில், நிமோனியா காய்ச்சலால் 1908 மே 20ஆம் நாள் பிரிஸ்பேன் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தே. அவருடைய அன்னைக்கு உதவும்பொருட்டு ஜூன் 13ஆம் நாள் தோழர்கள் வெல்லிங்டனில் ஒரு பந்தயம் ஆடினர். நியூஸிலாந்து மண்ணில் ஆடப்பட்ட முதல் ரக்பி லீக் பந்தயம் அதுவேயாகும். எந்த ஆட்டத்தைத் தம் நாட்டுக்குக் கொண்டுவர அவர் உழைத்தாரோ, அது அவருடைய தாயின் துயர் துடைக்கவே அங்கு முதன்முதலாக ஆடப்பட்டது.

பொன்னாசை கொண்டோர் என்று ஏசியது நியாயந்தானா? தம் கைப்பொருளைப் போட்டு, தாய்நாட்டுக் களங்களின் கதவு அடைபடும் என்று அறிந்தே சென்றவர்கள் இவர்கள். உழைப்பின் பயனில் உழைத்தவனுக்கும் பங்குண்டு என்பதற்குமேல் அவர்கள் கேட்டது ஒன்றுமில்லை. காலம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஹட்டர்ஸ்ஃபீல்டு கூட்டம் நடந்து ஏறத்தாழ நூறாண்டுகள் நிறைவுற்ற வேளையில், 1995 ஆகஸ்டில், பழைய ரக்பியின் உலகச் சபையும் வீரர்கள் ஊதியம் பெறலாம் என்று அறிவித்தது. குற்றம் என்று ஒரு தலைமுறை தண்டித்ததை, முறைமை என்று மற்றொரு தலைமுறை ஏற்றுக்கொண்டது.