அமெரிக்காவின் பார்ம்.டி படிப்பு: வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்பது நோயாளிக்கு ஏன் முக்கியம்?

ஆங்கிலத்தில் 'ஒன்ஸ்' என்றால் ஒரு முறை. அதே எழுத்துகளை ஸ்பானிஷில் படித்தால் பதினொன்று! 'தினம் ஒரு முறை' என்ற மருந்து லேபிளை, ஆங்கிலம் தெரியாத நோயாளி 11 மாத்திரை என்று புரிந்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது. கவுன்ட்டரில் இருக்கும் பார்மசிஸ்ட்டுக்கு ஸ்பானிஷ் தெரிந்தால் குழப்பமே இல்லை. பார்ம்.டி வகுப்பில் எல்லாத் தரப்பு மாணவர்களும் வேண்டும் எனச் சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பார்ம்.டி என்றால் என்ன?

அமெரிக்காவில் புதிதாகப் பார்மசிஸ்ட் ஆக விரும்புவோருக்கு இப்போது அங்கு இருக்கும் ஒரே பட்டப்படிப்பு. கல்லூரியில் அடிப்படை அறிவியல் பாடங்களை முடித்த பிறகு, பெரும்பாலும் 4 ஆண்டுகள் படிக்க வேண்டும்.

யார் அதிகம், யார் குறைவு?

மாணவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். ஆசிய வம்சாவளியினரும் கணிசமாக இருக்கிறார்கள். ஆனால் கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக் மாணவர்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்கு உள்ள பங்கைவிடக் குறைவு.

ஏன் இந்த இடைவெளி?

ஒரு காலத்தில் பல கல்லூரிகள் கறுப்பின மாணவர்களுக்குக் கதவையே திறக்கவில்லை. அப்போது கைகொடுத்தவை ஹோவர்டு போன்ற கறுப்பினத்தவருக்கான பல்கலைக்கழகங்கள். நியூ ஆர்லியன்ஸின் சேவியர் பல்கலைக்கழகம் 1927-ல் பார்மசி கல்லூரியைத் தொடங்கியது. இன்று சட்டத் தடை இல்லை. ஆனால் கல்விக் கட்டணமும், அதற்காக வாங்கும் கடனும் வசதியில்லாத குடும்பங்களைத் தயங்க வைக்கின்றன.

2023 தீர்ப்பு என்ன சொன்னது?

ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி, மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பார்மசி கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். ஆனால், இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று விண்ணப்பத்தில் மாணவர் எழுதுவதற்குத் தடையில்லை.

இனி என்ன வழி?

மதிப்பெண்ணோடு குடும்பச் சூழல், மொழித்திறன், கிராமங்களில் பணியாற்றும் ஆர்வம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கும் முறை இருக்கிறது. 'பிகேட்' என்ற பார்மசி நுழைவுத்தேர்வும் 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. பள்ளி மாணவர்களிடமே இந்தத் துறையை அறிமுகப்படுத்துவதும் ஒரு வழி.

ஆனால் சீட் கொடுத்தால் மட்டும் போதாது. சேர்ந்த மாணவர் கடன் சுமையில் பாதியில் நின்றுவிடாமல் பட்டம் வாங்க வேண்டும். அப்போதுதான் நோயாளியின் மொழி பேசும் ஒருவர் கவுன்ட்டருக்கு வந்து சேருவார்.