பால்மரம் முதல் மக்கும் இயந்திரம் வரை



கோலா தெர்லாவிலிருந்து தாப்பா நோக்கி மலைப்பாதையில் இறங்கிச் செல்லும்போது, முதலில் தேயிலைச் செடிகள் நம்மைவிட்டு விலகும். பிறகு காடு வரும். சமவெளியைத் தொட்டதும் பால்மரங்களும் செம்பனையும் கண்ணில் படும். மலையில் கொழுந்து பறிக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு, கீழே பால் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ இருந்திருப்பார்கள். அவர்கள் மங்கில் சேர்த்த அந்த வெள்ளைப் பாலுக்கும், இன்று விஞ்ஞானிகள் செய்துவரும் மென்மையான ரோபோக்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ரோபோ என்றதும் இரும்பு உடம்பும் கண்ணுக்கு விளக்குமாக ஓர் உருவம் நம் மனத்தில் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சொல் இரும்புப் பட்டறையில் பிறந்ததன்று. செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடகம் ஒன்றில்தான் அது முதன்முதலில் வந்தது. பண்ணையாருக்காகக் குடியானவர்கள் கூலியின்றிச் செய்த கட்டாய உழைப்புக்கு அந்த மொழியில் ‘ரொபோதா’ என்று பெயர். அதிலிருந்து வந்ததே ‘ரோபோ’. இன்னொரு வியப்பும் உண்டு. அந்த நாடகத்தில் வரும் ரோபோக்கள் இரும்பால் ஆனவையல்ல; தொட்டியில் கலக்கி எடுத்த, சதை போன்ற மென்மையான பொருளால் ஆனவை. கற்பனையில் தோன்றிய முதல் ரோபோ மென்மையானதாகவே இருந்தது!

மென்மையான இயந்திரம் செய்ய வேண்டுமானால், இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் பொருள் வேண்டும். அந்தக் குணம் பால்மரத்தின் பாலில் இருந்தது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டனிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலா கங்சாருக்குப் போயின. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்பவர் இந்நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைத் தொடங்கினார்.

அதன்பின் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கங்காணிகளின் வழியே கப்பலேறினார்கள். ரிட்லி கண்டது முறை. அதைக் கைத்திறனாக்கியவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். கத்தி பட்டைக்குள் போக வேண்டும், மரத்தைத் தொடக்கூடாது. விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் அந்த அளவைக் கையாலேயே அறிந்தவர்கள் அவர்கள். உலகமெங்கும் சக்கரங்கள் உருண்டதில் அந்தக் கைகளுக்குப் பங்கு உண்டு.

இனி இயந்திரத்துக்கு வருவோம். 1950களில் அமெரிக்காவில் ஜோசப் மெக்கிபன் என்ற பௌதிக விஞ்ஞானியின் மகள் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டாள். அசையாத அவளது விரல்களுக்கு உதவ அத்தந்தை ஒரு கருவி செய்தார். ரப்பர் குழாயின் மேல் பின்னிய நூலுறை ஒன்றைப் போர்த்தி, உள்ளே வாயுவைச் செலுத்தினார். குழாய் பருத்தது, பருத்ததும் நீளம் குறைந்தது. நம் கையை மடக்கும்போது தசை திரள்வதும் இப்படித்தானே? செயற்கைத் தசை எனப்படும் இக்கருவி, மென்மையான இயந்திரங்களின் முன்னோடிகளில் ஒன்றாகும்.

வேறொரு வழியும் உண்டு. பழைய சைக்கிள் டியூபின் ஒரு பக்கத்தில் நீளாத துணியை ஒட்டிக் காற்றடித்துப் பாருங்கள். துணியில்லாத பக்கம் நீளும். மறு பக்கம் நீளாது. ஆகவே டியூப் வளையும். இந்த எளிய உண்மையைக் கொண்டே விரல் போல் மடங்கும் கருவிகளைச் செய்கிறார்கள். கேமரன் மலையில் விளையும் ஸ்ட்ராபெரி பழத்தை இரும்புக் கை பிடித்தால் நசுங்கிப் போகும். மென்மையான கை பதமாகப் பிடிக்கும். 2016இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆக்டபஸ் வடிவில், முழுதும் மென்மையான ரோபோ ஒன்றைச் செய்து காட்டினார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. ஆக்டபஸ் ரோபோ சிலிக்கோன் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. அது மக்குவதில்லை. நம் பால்மரத்து ரப்பர் மக்காதா என்று நீங்கள் கேட்கலாம். மரத்தடியில் விழுந்த ஒட்டுப்பாலை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத் தின்றுவிடும். ஆனால் 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்ட முறைப்படி கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால், ரப்பரின் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து உறுதியாகின்றன. உழைக்கும் காலத்தில் அந்த உறுதி நன்மை. உழைத்து முடிந்தபின் அதுவே தொல்லை. வீட்டின் பின்புறம் கிடக்கும் பழைய டயர் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்து, மழைநீரைத் தேக்கி, டிங்கிக் கொசுவுக்குத் தொட்டிலாவதை நாம் அறிவோம்.

உழைக்கும்வரை உறுதியாகவும், முடிந்தபின் மண்ணோடு மண்ணாகவும் ஆகும் பொருள் ஏதேனும் உண்டா? விடை சமையலறையில் கிடைத்தது. 2017இல் சுவிட்சர்லாந்தில் ஜெலட்டினும் கிளிசரினும் கலந்து, தின்னக்கூடிய வளையும் கருவியைச் செய்தார்கள். 2020இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், ஜெலட்டின், கிளிசரின், சர்க்கரை, எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம், நீர் ஆகியவற்றைக் கொண்டு ரப்பர் போல் இழுபடும் பொருளை உருவாக்கினார்கள். ஜெலட்டின் என்பது விலங்குகளின் எலும்பிலும் தோலிலுமிருந்து எடுப்பது. தாய்மார்கள் பெருநாளுக்குச் செய்யும் அகர்-அகரை நான்கு நாள் வெளியே வைத்தால் காய்ந்து சுருங்கிவிடும் அல்லவா? ஜெலட்டினும் அப்படித்தான். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அதைக் காயாமல் காக்கிறது. செம்பனை எண்ணெயிலிருந்தும் கிளிசரின் எடுக்கலாம். இப்பொருளால் ஆன கருவி 330,000 தடவைக்கு மேல் வளைந்து நிமிர்ந்தும் பழுதாகவில்லை. எறிந்துவிட்டால் முழுதும் சிதைந்துவிடுகிறது.

இதனால் எல்லாம் தீர்ந்தது என்று சொல்வதற்கில்லை. அந்தக் கருவிக்குக் காற்றடிக்கும் பம்பும், வால்வும், மின்கலமும் பெரும்பாலும் பழைய உலோகமும் பிளாஸ்டிக்குமே. வேலை இன்னும் மீதம் இருக்கிறது. அதைச் செய்து முடிக்கப் போகிறவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் ஏன் இருக்கக்கூடாது?

நம் மலையில் காய்கறித் தோட்டங்களை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கூரைகள் கிழிந்தபின் எங்கே போகின்றன? ஓடையோரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு விடை தெரியும். தேயிலைச் செடியைக் கவாத்து செய்து கழித்த கிளையும் இலையுமோ அதே செடியின் அடியில் கிடந்து, மக்கி, அடுத்த கொழுந்துக்கு உரமாகிறது. விஞ்ஞானிகள் தேடிக்கொண்டிருக்கும் பாடம் இதுவே. பால் வெட்டிய கைகளின் பேரப்பிள்ளைகள் அந்தப் பாடத்தை நிரையிலேயே தினமும் பார்த்து வளர்கிறார்கள். அதைப் பள்ளிப் பாடத்தோடு சேர்த்துப் படிக்க வைப்பது பெற்றோராகிய நம் கையில் இருக்கிறது.