பெயரைப் பறிகொடுத்த தக்காளி

1521ஆம் ஆண்டு ஸ்பானியர் மெக்சிக்கோவின் தலைநகரான தெனோச்தித்லானைக் கைப்பற்றியபோது, அந்நாட்டு மக்களின் அடுக்களைகளில் இருவகைத் தக்காளிகள் இருந்தன. ஒன்று, இன்று உலகெங்கும் பரவியுள்ள செந்தக்காளி. மற்றையது, காகிதம் போன்ற மெல்லிய உறைக்குள் பசுமை நிறத்தோடு விளையும் புளிப்புக் கனி. மிளகாயோடு சேர்த்து அரைத்த கூட்டுக்கு அம்மக்கள் பெரிதும் விரும்பியது இப்பச்சைக் கனியையே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

அவர்தம் நாவாத்து மொழியில் ‘தொமாத்தில்’ என்பது சாறு நிறைந்த உருண்டைக் கனிகளுக்குப் பொதுப்பெயர். முன்னொட்டுச் சேர்த்தே இனம் பிரித்தனர். உறையுடையது ‘மில்தொமாத்தில்’, செந்நிறமானது ‘சித்தொமாத்தில்’. வந்தேறிய ஸ்பானியருக்கு இந்த நுட்பம் விளங்கவில்லை. இரண்டையும் ‘தொமாத்தே’ என்றே எழுதி வைத்தனர். அதனால் அக்காலக் குறிப்புகளில் எவ்விடத்து எக்கனி பேசப்படுகின்றது என்று துணிதல் இன்றும் அரிதாகவே உள்ளது. ஐரோப்பாவுக்குச் சென்று வேரூன்றியது செந்தக்காளி. பெயரும் அதனோடு போயிற்று. உறைத்தக்காளியோ பெயரையும் பறிகொடுத்துத் தாய்நாட்டிலேயே தங்கிவிட்டது.

தமிழிலும் இத்தகைய பெயர்மாற்றமே நிகழ்ந்திருக்கின்றது. தக்காளி என்னும் சொல்லுக்குப் பழைய அகராதிகள் தரும் பொருள், வேலியோரங்களில் பைபோன்ற உறைக்குள் காய்க்கும் சிறு செடியே. சிறுவர் நெற்றியில் மோதி உடைத்து மகிழும் சொடக்குத் தக்காளி அதுவே. பின்னர் வந்த சீமைத் தக்காளி அப்பெயரைத் தனதாக்கிக் கொள்ள, உரியது அடைமொழி தாங்கி நிற்கின்றது.

உறைத்தக்காளி கடல் கடந்து பரவாமைக்குப் பெயர்க் குழப்பம் மட்டுமே காரணமன்று. அதன் பூ, அதே செடியின் மகரந்தத்தை ஏற்பதில்லை. ஒற்றைச் செடியை நட்டவன் பூவை நிறையக் காண்பான், காயைக் காணான். இரண்டு செடிகளாவது அருகருகே நிற்றல் வேண்டும், தேனீக்களும் வரவேண்டும். ஒரு செடியைச் சட்டியில் வைத்துப் பார்த்த ஐரோப்பியத் தோட்டக்காரர் எத்தனைபேர் இதனை அறியாது பிடுங்கி எறிந்தனரோ! செந்தக்காளிக்கோ துணைச் செடி தேவையில்லை.

இக்குடும்பத்தின் மற்றொரு கனிக்கு நேர்ந்தது வேறு கதை. பேரு நாட்டு அந்தீசு மலைச்சாரலில் பிறந்த பொன்னிறக் கனியொன்று, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாபிரிக்க நன்னம்பிக்கை முனையில் பயிராகி, அங்கிருந்து அவுஸ்திரேலியாவுக்குச் சென்றது. ஆகவே ஆங்கிலேயர் அதனைக் ‘கேப் கூஸ்பெரி’ என்றனர். அது கேப்பிற் பிறந்ததுமன்று; கூஸ்பெரி இனமுமன்று. வணிகர் இட்ட பெயர்களுள் இதனினும் பொருந்தாத பெயர் அரிது. நுவரெலியா போன்ற நம் மலைநாட்டுக் குளிர்ப் பகுதிகளிலும் அது தானே முளைத்துக் காணப்படும்.

குளிர்நாடுகளில் இவற்றை விளைவித்தல் காலத்தோடு நடத்தும் போட்டியாகும். உறைபனி பட்டால் செடி மாண்டுவிடும். எனவே கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னரே வீட்டினுள் விதையிட்டு, நிலம் சூடேறிய பின் நாற்றை வெளியே நடுவர். பொன்னிறக் கனி பழுக்க நெடுநாள் வேண்டும். பல ஆண்டுகளில் அது முற்றுமுன் இலையுதிர்காலப் பனி வந்துவிடும். வட அமெரிக்காவின் ‘நிலச்செர்ரி’ விரைவில் விளைவது. பழுத்ததும் உறையோடு தானே நிலத்தில் விழும். பொறுக்கி எடுத்தல் போதும். அவ்வுறை பல வாரங்கள் கனியைக் கெடாது காக்கும். ஆனால் உறையும் இலையும் நிலச்செர்ரியின் முற்றாக் காயும் நச்சுத்தன்மை உடையன, உண்ணலாகாது.

இம்முயற்சியிற் குறிப்பிடத்தக்கது இரசியரின் பணி. லெனின்கிராட் நகரில் நிக்கொலாய் வவீலொவ் நடத்திய பயிர் ஆராய்ச்சி நிறுவனம், 1925இல் புகாசொவ் முதலிய அறிஞரை மெக்சிக்கோவுக்கு அனுப்பி வித்துக்களைத் திரட்டியது. 1930இல் வவீலொவ் தாமே அங்குச் சென்றார். உறைத்தக்காளி சோவியத் மண்ணிற் பயிராயிற்று. அதன் சாறு சர்க்கரையோடு காய்ச்சினால் பாகாய் இறுகும். எனவே இனிப்புப் பண்டத் தொழிலுக்கு உதவும் எனக் கருதினர். ஆயின் வவீலொவ் 1940இல் சிறைப்பட்டு, 1943 சனவரியில் சராத்தொவ் சிறையில் உயிர் நீத்தார். உலகிற்கு உணவு தேடியவர் பட்டினியால் நலிந்தே மாண்டார். 1941 முதல் 1944 வரை நீடித்த லெனின்கிராட் முற்றுகையின்போது, அவருடைய உடன்பணியாளர் சிலர் பசியால் இறந்தனர். திரட்டிய வித்துக்களில் ஒருபிடியையும் உண்டாரில்லை.

இச்செடியினத்தின் தொன்மையை அண்மைக்காலத்திலேயே உலகு அறிந்தது. ஆர்ஜென்டீனாவின் பத்தகோனியாப் பகுதியில் கிடைத்த கல்லாய் மாறிய உறைக் கனியைப்பற்றி 2017இல் அறிஞர் வெளியிட்டனர். அதன் வயது 5 கோடியே 20 இலட்சம் ஆண்டுகள். அதற்கு அடுத்த ஆண்டில், அமெரிக்க ஆராய்ச்சியாளர் நிலச்செர்ரியின் மரபணுக்களைத் திருத்தி, கொடியாய்ப் படராத செடியையும் சற்றுப் பெரிய கனியையும் பெற்றனர். மெக்சிக்கோ நகரின் சந்தையிலோ, இன்றும் ‘தொமாத்தே’ என்று கேட்பவனுக்கு வியாபாரி எடுத்துக் கொடுப்பது உறையிட்ட பச்சைக் கனியையே. செந்தக்காளியை வேண்டுவோன் ‘ஹிதொமாத்தே’ என்று கேட்டல் வேண்டும்.