தாம்பரம் மார்க்கத்து வாசகர்கள்

படிப்பதற்கென்றே தனிக் கருவி ஒன்று வாங்குவதா, அல்லது கையில் ஏற்கெனவே இருக்கும் செல்பேசியிலோ கணினியிலோ படித்துக்கொள்வதா என்ற கேள்வி இந்நாளைய வாசகர்களுக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆனால், கடற்கரை நிலையம் தொடங்கித் தாம்பரம் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளும் இருப்புப்பாதையின் ஓரமாகக் குடியேறி, நாள்தோறும் காலையும் மாலையும் அதில் பிரயாணம் செய்து, அந்தப் பிரயாண நேரத்தையே தங்கள் வாசகசாலையாக ஆக்கிக்கொண்ட மக்களின் சரித்திரத்தைச் சற்றே நோக்கினால், எந்த வடிவத்தில் நூலைக் கையில் எடுப்பது என்ற ஆலோசனை இப்பகுதியில் மூன்று தலைமுறைகளாக நடந்துவருவது விளங்கும்.

தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் இந்த மார்க்கத்தில் மீட்டர் கேஜ் மின்சார வண்டியை ஓட்டத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். அதே ஆண்டில்தான், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்று, பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்ந்த சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள், நூலக இயலின் ஐந்து விதிகளை விளக்கும் தமது நூலை வெளியிட்டார். நூல் பூட்டிவைக்கப்படுவதற்கன்று, பயன்படுவதற்கே உரியது என்பதும், வாசகரையும் நூலையும் ஒன்றுசேர்ப்பதே நூலகத்தின் தர்மம் என்பதும், வாசகரின் காலம் வீணாகலாகாது என்பதும் அவ்விதிகளின் சாரம். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களை நாடி மாட்டுவண்டியொன்று புத்தகங்களைச் சுமந்து புறப்பட்டதற்கும் அவருடைய தூண்டுதல் காரணமாயிற்று. அவரை உருவாக்கிய கல்லூரி, நகரத்து நெருக்கடியை விட்டு 1937இல் தாம்பரத்துப் புதர்க்காட்டின் நடுவே இடம்பெயர்ந்தது. ஒரு பக்கம் மின்சார வண்டி, மறு பக்கம் கல்லூரி என இரண்டும் அமைந்தபின், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை எனத் தெற்கே நீண்டு வளர்ந்த புறநகரில், படிக்கத் தெரிந்தவரும் படிப்பதற்கு அன்றாடம் ஒரு மணி நேரம் வாய்த்தவருமான ஒரு புதிய சமூகம் தோன்றியது.

அந்தச் சமூகத்தின் முதல் வாசிப்புச் சாதனம் வாரப்பத்திரிகை. ‘ஆனந்த விகடன்’ முன்னமே செல்வாக்குப் பெற்றிருக்க, 1941இல் ‘கல்கி’யும் 1947இல் ‘குமுத’மும் வந்து சேர்ந்தன. நிலையத்து ஹிக்கின்பாதம்ஸ் கடையில் ஒன்றை வாங்கி நெடுக்காக மடித்து, ஒரு கையால் மேலே தொங்கும் பிடியைப் பற்றிக்கொண்டு, மறு கையில் பத்திரிகையை ஏந்திப் படிப்பது அலுவலகம் செல்வோரின் நித்திய வழக்கமாயிற்று. ஆயினும், அந்தப் பத்திரிகை வண்டியோடு முடிந்துபோகவில்லை. வீட்டுக்கு வந்து, பெண்டிரும் பிள்ளைகளும் படித்து முடித்தபின், தொடர்கதைப் பக்கங்கள் மட்டும் கம்பிப்பின் கிழிக்காதபடி பிரித்தெடுக்கப்பட்டு, வாரவரிசையாக அடுக்கப்பட்டு, கதை முற்றுப்பெற்றதும் பைண்டரிடம் சென்று, கெட்டியான அட்டையும் துணி முதுகும் பெற்றுத் திரும்பும். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ எத்தனையோ வீடுகளில் இவ்விதம் நூலாயிற்று. மணியம் வரைந்த சித்திரம் ஒரு பக்கத்தில் இருக்க, அதன் பின்புறத்தில் பாதி விளம்பரமும் முடிவில்லாத ஒரு துணுக்கும் நிற்கும். முதல் தாளில் வீட்டுக்காரரின் பெயரும், ‘படித்துவிட்டுத் திருப்பித் தரவும்’ என்ற வேண்டுகோளும் மசியால் எழுதப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட தொகுதி தெருவின் இக்கோடியிலிருந்து அக்கோடிவரை சென்று, பல கைகளின் எண்ணெய்க் கறையோடு மீண்டு, சில சமயம் மீளாமலும் போகும்.

பின்னர் 1969இல் ‘ராணிமுத்து’ தோன்றி, முழு நாவல் ஒன்றை மாதந்தோறும் எளிய விலையில் தரத் தொடங்கியதும், அதனைத் தொடர்ந்து பாக்கெட் நாவல்கள் பெருகியதும், பிரயாணிகளின் வாசிப்பை மேலும் எளிதாக்கின. சட்டைப்பையிலோ கைப்பையிலோ அடங்குவது, போகும்போது பாதியும் வரும்போது மீதியுமாகப் படித்து முடிக்கக்கூடியது, முடித்ததும் பக்கத்து இருக்கைக்காரரிடம் தயக்கமின்றிக் கொடுத்துவிடத்தக்கது என்னும் மூன்று குணங்கள் அதற்கு இருந்தன. கைக்கு அடக்கம், விலையில் எளிமை, பிறருக்கு வழங்கும் உரிமை ஆகிய இம்மூன்றும் ஒருங்கே வாய்த்த சாதனத்தையே இந்த மார்க்கத்து வாசகர்கள் தமதாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த கருவிகளை அளப்பதற்கும் அதுவே உரிய அளவுகோல்.

கருவியின் துணையின்றிக் கண்ணால் படிக்கவியலாத நூல், ஆராய்ச்சியாளர் பலருக்கு அறிமுகமானது தென்சென்னையின் வேறொரு மூலையில். 1886இல் கர்னல் ஆல்காட் தொடங்கிய அடையாறு நூலகமும், பெசன்ட் நகரில் உள்ள உ. வே. சாமிநாதையர் நூல்நிலையமும் பனையோலைச் சுவடிகளைக் காத்துவர, கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த அச்சு நூல்களும் பத்திரிகைகளும், அவருடைய மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994 முதல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்று, பிற்பாடு தரமணியில் நிலைகொண்டன. தொட்டால் உதிரும் தாள்கள் அங்கே நுண்படச் சுருள்களாக மாற்றப்பட்டன. சுருளைக் கருவியில் பொருத்தி, விளக்கை ஏற்றி, பிடியைத் திருகத் திருக, நூறாண்டுக்கு முந்திய பக்கங்கள் ஒளித்திரையில் பெரிதாக நகர்ந்து வரும். படிப்பதைத் தவிர வேறொன்றுக்கும் உதவாத அந்தப் பெரிய பெட்டியின் முன் அமர்ந்தவர், எடுத்த நூலை முடிக்காமல் எழுந்திருக்க மனமின்றி இருந்தனர். அழிந்துபோயிருக்கக்கூடிய நூல்களை அது காப்பாற்றியது. எனினும், அதனைத் தேடிச் செல்ல வேண்டுமேயன்றி, அது வாசகனோடு வண்டியேறி வரவில்லை.

கணினி யுகத்தில், 1998ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களும் உலகெங்கும் பரவியிருந்த தமிழன்பர்களும் ஊதியம் கருதாது ‘மதுரைத் திட்டம்’ என்னும் மின்னூல் பணியைத் தொடங்கினார்கள். சங்க நூல்கள் முதல் நாட்டுடைமையான தற்கால ஆசிரியர்களின் படைப்புகள் வரை தட்டச்சு செய்யப்பட்டு இலவசமாக வழங்கப்பட்டன; எழுத்தாளர் கல்கியின் நாவல்களும் அவற்றுள் அடங்கும். 2001இல் அரசின் முயற்சியால் தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் தோன்றி, இப்பணிக்கு மேலும் வலுவூட்டியது. நூல்கள் வந்துவிட்டன; ஆனால், அவற்றைப் படிக்க மேசைக் கணினியின் முன் முதுகு வலிக்க உட்கார வேண்டியிருந்தது; குறிப்பிட்ட எழுத்துரு இல்லாத கணினியிலோ தமிழுக்குப் பதில் பொருளற்ற குறிகளே தோன்றின.

மேலைநாட்டில், 1997இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்திலிருந்து பிரிந்து தோன்றிய ஈ-இங்க் என்னும் நிறுவனம், மின்மசித் திரை ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குப் புலப்படாத நுண்குமிழ்களுக்குள் வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கும். மின்னூட்டத்தின் திசையை மாற்றினால் இவற்றுள் ஒன்று மேலெழ, மற்றது கீழே தணியும். எழுத்து ஒருமுறை அமைந்துவிட்டால், அடுத்த பக்கம் புரட்டும்வரை மின்சாரமே வேண்டியதில்லை. திரை தானாக ஒளிவீசிக் கண்ணைத் தாக்காமல், அச்சுத்தாளைப் போலவே வெளியொளியைத் திருப்பி அனுப்புவதால், சித்திரை வெயிலில் தாம்பரம் நடைமேடையில் நின்று படித்தாலும் எழுத்து மங்குவதில்லை. சோனி நிறுவனம் 2004இல் ஜப்பானில் இத்திரையோடு கூடிய கருவியை விற்றது. அமேசானின் கிண்டில் 2007இல் அமெரிக்காவில் வெளியாகி, 2012இல் இந்தியக் கடைகளுக்கும் வந்தது. ஏறத்தாழ 200 கிராம் எடைக்குள் ஆயிரக்கணக்கான நூல்களை அடக்கி, ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் உழைக்கும் இக்கருவியை, மடித்த பத்திரிகையைப் பிடித்த அதே ஒரு கையில் பிடித்துக்கொள்ளலாம்.

ஆயினும், தமிழ் வாசகனுக்கு அது உடனே பயன்படவில்லை. தமிழ் எழுத்துகளை முறைப்படி கோத்துக் காட்டும் ஏற்பாடு அக்காலத்துக் கருவிகளில் இல்லாமையால், ‘கொடி’ என்ற சொல்லில் ககரத்துக்கு முன்னே நிற்க வேண்டிய கொம்பு பின்னே போய் நிற்கும். அல்லது எழுத்தே தோன்றாமல் வெறுங்கட்டங்கள் வரிசையாக நிற்கும். கொட்டிவாக்கம், திருவான்மியூர்ப் பகுதிகளில் இருந்த நிறுவனங்களில், நம் இளைஞர்கள் பகலிரவாக அமர்ந்து வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆங்கில நூல்களுக்கு அச்சுக்கோப்பும் மின்னூல் வடிவமும் செய்து அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. உலகத்தாருக்கு மின்னூல் செய்து கொடுத்த கைகளுக்குத் தம் தாய்மொழி நூலை அதே கருவியில் பிழையின்றிக் காணும் வாய்ப்பு இல்லாதிருந்தது வருந்தத்தக்கதே.

இக்குறையை நீக்க வழிகண்டவர்கள் பெருங்கம்பெனியார் அல்லர். த. சீனிவாசன் அவர்களும் நண்பர்களும் 2013இல் ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ என்ற தன்னார்வ முயற்சியைத் தொடங்கி, ஆசிரியர்களின் இசைவோடு, எவரும் படிக்கவும் பகிரவும் உரிமையுள்ள தமிழ் நூல்களைப் பல வடிவங்களில் வெளியிட்டார்கள். அவற்றுள் ஆறு அங்குல பிடிஎஃப் என்பது தனிச்சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. ஏ4 அளவுள்ள பக்கத்தை ஆறு அங்குலத் திரையில் சுருக்கினால் எழுத்து எறும்பாகிவிடும். எழுத்தாகவே அனுப்பினால் கொம்பு இடம் மாறும். எனவே, 9 சென்டிமீட்டர் அகலமும் 12 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட அத்திரைக்கென்றே பக்கத்தை வகுத்து, எழுத்துருவையும் உள்ளடக்கி அமைத்துவிட்டால், கருவிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் வாசகனுக்குத் தமிழ் தெளிவாகக் கிடைத்துவிடும். பைண்டரின் ஊசிநூலுக்கு நிகரான ஒரு கைத்தொழில் இது என்று நான் கருதுகிறேன். கிடைத்த பொருளைத் தம் மொழிக்கு இணங்கச் செய்துகொள்ளும் அதே சாமர்த்தியம் இங்கும் தென்படுகிறது.

2016ஆம் ஆண்டு இரண்டு மாறுதல்களைக் கொண்டுவந்தது. ஆண்டிறுதியில் கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் முறையாக விற்பனைக்கு வந்தன. அதற்குச் சில மாதங்கள் முன்பே ஜியோவின் வரவால் செல்பேசி இணையம் மிக மலிவாயிற்று. மீட்டர் கேஜ் வண்டிகள் 2004இலேயே ஓய்வுபெற்றிருக்க, அகலப்பாதை வண்டிகளில் நின்ற பிரயாணிகள் பெரும்பாலும் செல்பேசியையே கையில் எடுத்தார்கள். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் ‘கல்கி’யும் அச்சை விட்டு மின்னிதழாயிற்று. தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்த வீடுகளில் இப்போது பிரித்தெடுக்கத் தாளே இல்லை.

இச்சரித்திரத்தை ஆராய்ந்தபின், எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செய்தி, சிறுகதை, கட்டுரை ஆகியவற்றோடு நின்றுவிடுபவர்களுக்குச் செல்பேசி போதும். தனிக்கருவிக்குச் செலவிட அவசியமில்லை. பழைய நூல்களின் ஸ்கேன் செய்த பெரிய பக்கங்களை ஒப்புநோக்கும் ஆராய்ச்சியாளருக்குக் கணினியோ பெரிய டேப்லெட்டோதான் ஏற்றது; ஆறு அங்குலத் திரை அவருக்கு இடைஞ்சலே. ஆனால், ஐந்து பாகங்கள் கொண்ட நாவலையோ, கனத்த சரித்திர நூலையோ மாதக்கணக்கில் விடாது படிக்க விரும்புகிறவருக்கு, அழைப்பும் அறிவிப்பும் குறுக்கிடாத, கண்ணை வருத்தாத தனிக்கருவி உண்மையான பேருதவி. முழு நாவலுக்கு ஒருமுகப்பட்ட மனம் வேண்டும்; தரமணியின் நுண்படப் பெட்டி தந்ததும் அந்த ஒருமுகத்தையே. வாங்குமுன், தமக்கு வேண்டிய தமிழ் நூல்கள் அக்கருவியில் கிடைக்கின்றனவா, வெளியிலிருந்து பெற்ற கோப்புகளை அது ஏற்குமா என்பவற்றை மட்டும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சி நிற்கும் குறை ஒன்றுண்டு; அது அற்பமானதன்று. கடையில் விலைகொடுத்துப் பெறும் மின்னூல், பைண்டு செய்த தொகுதியைப் போல நமக்கே உரியதாகிவிடுவதில்லை. படிக்கும் அனுமதியே விற்கப்படுகிறது. 2009இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை, விற்ற நிறுவனமே வாசகர்களின் கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்து நீக்கியதும், பின்னர் அதற்காக மன்னிப்புக் கோரியதும் பலர் அறிந்த செய்தி. ‘படித்துவிட்டுத் திருப்பித் தரவும்’ என்று எழுதி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும் உரிமை அங்கே இல்லை.

இந்த உரிமையை மீட்டுத்தரக் கடமைப்பட்டவை பொதுநூலகங்களே. 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுநூலகச் சட்டத்தின்படி நாம் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்திவருகிறோம். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலியவற்றை இணைத்து 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிப் பகுதியின் ஒவ்வொரு கிளை நூலகத்திலும், படிக்கும் கருவிகள் சிலவற்றை வாங்கிவைத்து, மதுரைத் திட்டத்தின் நூல்களையும் தன்னார்வலர்களின் உரிமம் திறந்த நூல்களையும் அவற்றில் ஏற்றி, புத்தகம் கொடுப்பதுபோலவே உறுப்பினருக்கு இரவல் கொடுத்தால், வாங்க வசதியற்ற மாணவனும் பயன்பெறுவான்; வாங்கலாமா வேண்டாமா என்று தயங்குபவரும் இரண்டு வாரம் பழகிப் பார்த்து முடிவு செய்துகொள்வார். வாசகரையும் நூலையும் ஒன்றுசேர்ப்பதே நூலகத்தின் தர்மம் என்று ரங்கநாதன் வகுத்த நெறி, தாளுக்கு மட்டும் உரியதென்று அவர் எங்கும் வரையறுக்கவில்லை; அதைத் திரைக்கும் நீட்டுவது, அவர் பயின்ற கல்லூரியைத் தன் எல்லைக்குள் வைத்துப் பெருமைகொள்ளும் இவ்வூர் முதலில் செய்யவேண்டிய காரியம்.